அழுத்தத்தின் கதை – 7: மான்ட்ரியல் எலிகள்

1936 ஜூலை 4-ஆம் தேதியிட்ட 'நேச்சர்' இதழில் ஒரு கடிதம் வெளியானது. மொத்தமே 74 வரிகள். எழுதியவர் ஹான்ஸ் செல்யே, கனடாவின் மான்ட்ரியல் நகரில் மெக்கில் பல்கலைக்கழகத்தின் உயிர்வேதியியல் துறையில் வேலை பார்த்தவர். வயது 29. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத பலவிதத் தீங்குகள் எலியின் உடலில் ஒரே மாதிரியான மாற்றங்களை உண்டாக்குகின்றன என்பதுதான் கடிதத்தின் சாரம். குளிரில் வைத்தாலும், கத்தியால் கீறினாலும், களைத்து விழும்வரை ஓடவிட்டாலும், மார்ஃபின் ஏற்றினாலும் எலியை அறுத்துப் பார்த்தால் உள்ளே தெரிவது ஒரே காட்சி என்றார் அவர்.

அன்றைய மருத்துவம் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு காரணத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது. காசநோய்க்கு ஒரு கிருமி, ஸ்கர்விக்கு ஒரு வைட்டமின் குறை, நீரிழிவுக்கு இன்சுலின் குறை என்று பட்டியல் நீண்டுகொண்டே போனது. நூறு காரணங்களுக்கு ஒரே விளைவு என்று ஓர் இளைஞர் எழுதியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இன்று மருத்துவர், 'ரொம்ப ஸ்ட்ரெஸ்ஸா இருக்கீங்களா?' என்று நம்மைக் கேட்கிறார் என்றால், அந்தக் கேள்வியின் வேர் இந்த 74 வரிகளில் இருக்கிறது.

சென்ற இதழில் வால்டர் கேனனை ஹார்வர்டில் விட்டுவந்தோம். குரைக்கும் நாயின் எதிரே கட்டப்பட்ட பூனையின் ரத்தத்தில் அட்ரினலின் ஏறுவதை அவர் காட்டியதைப் பார்த்தோம். அவருடைய இன்னொரு சோதனையை இங்கே சொல்லியாக வேண்டும். அமெரிக்கக் கால்பந்துப் பருவத்தின் கடைசி ஆட்டம் முடிந்த கையோடு ஹார்வர்ட் அணியினர் 25 பேரின் சிறுநீரைச் சோதித்தார்கள். 12 பேருக்குச் சர்க்கரை இருந்தது. அந்தப் 12 பேரில் 5 பேர் களத்தில் இறங்கவே இல்லை. மாற்று ஆட்டக்காரர்களாக ஓரத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். ஓடவில்லை, மோதவில்லை, அடிபடவில்லை. ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததிலேயே அவர்களுடைய உடல் சண்டைக்கு எரிபொருளைத் திரட்டிவிட்டது. மனத்தில் நடப்பது உடலின் வேதியியலில் பதிவாகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று எனக்குத் தெரியவில்லை. அந்த 5 பேரை மனத்தில் வைத்துக்கொண்டு செல்யேயின் கதைக்குள் போவோம். அவருடைய கோட்பாட்டில் அவர்களுக்கு இடம் இல்லாமல் போனதுதான் இந்த அத்தியாயத்தின் சிக்கல்.

செல்யே 1907-ல் வியன்னாவில் பிறந்தார். தந்தை ஆஸ்திரிய–ஹங்கேரியப் படையில் அறுவை மருத்துவர். வளர்ந்தது டான்யூப் நதிக்கரையில் உள்ள கோமாரோம் நகரில். பிராக் நகரின் ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தார். அங்கே, முதன்முதலாக நோயாளிகளைக் காட்டிப் பாடம் நடத்திய ஒரு நாள். பேராசிரியர் பலவகைத் தொற்றுநோய்களின் தொடக்க நிலையில் இருந்தவர்களை ஒவ்வொருவராக வரவழைத்து, ஒருவருடைய நோயை இன்னொருவருடையதிலிருந்து பிரித்துக் காட்டும் அடையாளங்களை விளக்கினார். மாணவர் செல்யேயின் கண்ணில் பட்டதோ பொதுவானவை: எல்லோருக்கும் நாக்கில் மா படிந்திருந்தது, மூட்டுகள் வலித்தன, பசி இல்லை, உடம்பு இளைத்திருந்தது. எல்லோரும் 'சீக்காளி' போலத் தெரிந்தார்கள். அந்தச் சீக்காளித் தோற்றத்தைப் பற்றிப் பேராசிரியர் ஒரு வார்த்தை பேசவில்லை. பாடத்திட்டத்தில் அது இல்லை. செல்யேயும் தேர்வுக்குப் படிக்கப் போய்விட்டார்.

1929-ல் மருத்துவப் பட்டம், 1931-ல் கரிம வேதியியலில் முனைவர் பட்டம், பிறகு ராக்ஃபெல்லர் உதவித்தொகையில் அமெரிக்கா, 1932-ல் மான்ட்ரியல். அங்கே அவரைச் சேர்த்துக்கொண்டவர் ஜேம்ஸ் காலிப். டொரன்டோவில் இன்சுலினை மனிதருக்குச் செலுத்தும் அளவுக்குச் சுத்தப்படுத்திக் கொடுத்தவர். ஹார்மோன் வேட்டை உச்சத்தில் இருந்த காலம்; புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தவர் பெயர் உலகமெங்கும் பரவும். செல்யேக்குக் கிடைத்த வேலை, பெண்ணின் சினைப்பையில் இன்னும் அறியப்படாத ஹார்மோன் இருக்கிறதா என்று பார்ப்பது. கசாப்புக் கூடத்திலிருந்து வந்த பசுக்களின் சினைப்பைகளை அரைத்துச் சாறெடுத்து எலிகளுக்கு ஊசியில் ஏற்றினார்.

எலிகளை அறுத்தபோது மூன்று மாற்றங்கள் தெரிந்தன. சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் புறப்பகுதி பெருத்திருந்தது. மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியும் நிணநீர்க் கணுக்களும் சுருங்கியிருந்தன. இரைப்பையிலும் முன்சிறுகுடலிலும் ரத்தம் கசியும் புண்கள். அதுவரை தெரிந்த எந்தச் சினைப்பை ஹார்மோனும் இப்படிச் செய்ததில்லை. வயது முப்பதைத் தொடவில்லை, கையில் புதிய ஹார்மோன்! அவர் எவ்வளவு பூரித்திருப்பார் என்று ஊகிக்கலாம்.

அந்தப் பூரிப்பு நிலைக்கவில்லை. நஞ்சுக்கொடியின் சாறும் அதே மாற்றங்களை உண்டாக்கியது. பிட்யூட்டரியின் சாறும் அப்படியே. சிறுநீரகம், மண்ணீரல் என்று எதை அரைத்து ஏற்றினாலும் அதே மூன்று. சாறு எவ்வளவு அசுத்தமோ, விளைவு அவ்வளவு பலம். ஒரு ஹார்மோனைத் தேடுகிறவனுக்கு இதைவிடக் கெட்ட சகுனம் கிடையாது. சுத்தப்படுத்தச் சுத்தப்படுத்த வீரியம் கூட வேண்டுமே தவிரக் குறையக்கூடாது. கடைசியில் சந்தேகம் தாங்காமல் ஆய்வகத்து அலமாரியில் இருந்த ஃபார்மலினை, திசுக்களைப் பதப்படுத்தும் அந்த விஷத்தை, எலிக்கு ஏற்றினார். பெருத்த அட்ரினல், சுருங்கிய தைமஸ், இரைப்பைப் புண். சினைப்பைச் சாற்றைவிடக் கூர்மையாகவே தெரிந்தன. ஹார்மோன் எதுவும் இல்லை. எலிகளுக்கு அவர் ஏற்றிக்கொண்டிருந்தது அழுக்கு. அழுக்கு ஏறியதால் எலிகள் சீக்காகிக் கிடந்தன. அவ்வளவுதான்.

அவரிடம் நான் மிகவும் மதிப்பது இதற்கு அடுத்து அவர் செய்ததைத்தான். பெரும்பாலோர் அந்த நோட்டுப்புத்தகத்தை மூடி வைத்திருப்பார்கள். செல்யே சில நாட்கள் மனமுடைந்து கிடந்தார்; பிறகு பிராக் வகுப்பறையின் சீக்காளிகள் நினைவுக்கு வந்தார்கள். எந்த அழுக்கை ஏற்றினாலும் ஒரே மாற்றம்தான் வருகிறது என்றால், அந்த மாற்றம் அழுக்கைப் பற்றிப் பேசவில்லை, தாக்கப்பட்ட உடலைப் பற்றிப் பேசுகிறது என்று எண்ணினார். தோற்றுப்போன சோதனையையே கேள்வியாகத் திருப்பிப் போட்டார்.

அதன்பின் எலிகள் பட்ட பாடு கொஞ்சமல்ல. மான்ட்ரியலின் கடுங்குளிரில் சில எலிகள் கட்டடத்தின் மேல்தளத்தில் விடப்பட்டன. சிலவற்றுக்கு அறுவை, சிலவற்றுக்கு முதுகுத்தண்டு துண்டிப்பு, சிலவற்றுக்கு ஓயாத ஓட்டம். அட்ரினலின், அட்ரோபின், மார்ஃபின், ஃபார்மலின் ஆகியவற்றைக் கொல்லாத அளவில் கொடுத்தார். எல்லாவற்றிலும் அதே மூன்று மாற்றங்கள். இன்னொன்றையும் கவனித்தார்: அதே தாக்குதலைச் சிறிய அளவில் நாள்கணக்கில் தொடர்ந்தால் எலி தேறிக்கொள்கிறது. இரண்டு நாள் கழிந்ததும் இரண்டாம் கட்டம் தொடங்குகிறது. உறுப்புகள் கிட்டத்தட்டப் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. ஆனால் ஒன்று முதல் மூன்று மாதம் வரை தாக்குதல் நீடித்தால் அந்தத் தாக்குப்பிடிப்பு உடைந்துபோகிறது. முதல் நாள் கண்ட அறிகுறிகளே திரும்ப வந்து எலி சாகிறது. அபாய மணி, எதிர்ப்பு, சோர்வு என்று மூன்று கட்டங்களாக அவர் இதை வகுத்தார். உளவியல் பாடநூல்களில் இன்றும் இந்த மூன்றும் வரிசை மாறாமல் அச்சாகின்றன.

மூன்று மாற்றங்களுக்கும் ஒரே சங்கிலியா என்பதையும் சோதித்தார். அட்ரினலை எடுத்துவிட்ட எலியை எவ்வளவு வதைத்தாலும் தைமஸ் சுருங்கவில்லை. பிட்யூட்டரியை எடுத்துவிட்டால் அட்ரினல் பெருக்கவில்லை. ஆக, மூளைக்கு அடியில் தொங்கும் பிட்யூட்டரி அட்ரினலின் புறப்பகுதிக்கு ஆணையிடுகிறது; அட்ரினல் சுரக்கும் ஏதோ ஒன்று தைமஸைச் சுருக்குகிறது. கேனன் ஆராய்ந்தது அட்ரினலின் உட்பகுதியை, நொடிகளில் வேலை செய்யும் அட்ரினலினை. செல்யே பிடித்தது அதே சுரப்பியின் புறப்பகுதியை, மணிக்கணக்கிலும் நாள்கணக்கிலும் வேலை செய்யும் ஸ்டீராய்டுகளை. கார்டிசால் அவற்றில் தலையாயது. புலியிடமிருந்து ஓடுகிற அரை நிமிடத்துக்கு முன்னது போதும். பஞ்சத்தையும் போரையும் தாண்டுவதற்குப் பின்னது வேண்டும்.

மூத்தவர் ஒருவர், அழுக்கின் மருந்தியலில் ஆயுளைக் கழிக்கப் போகிறாயா என்ற பொருளில் தன்னைத் தடுத்ததாக செல்யே பின்னாளில் எழுதியிருக்கிறார். இன்சுலின் புகழ் ஃபிரெடரிக் பாண்டிங்தான் கைகொடுத்து, 500 டாலர் பெற்றுத்தந்தார். செல்யே நேரில் போய் விளக்கியும் கேனனுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. வெவ்வேறு ஆபத்துக்கு உடல் வெவ்வேறு விதமாகச் சரிக்கட்டிக்கொள்கிறது என்பதே அவருடைய வாழ்நாள் ஆய்வு. எல்லாவற்றுக்கும் ஒரே பதில் என்பது அதற்குள் அடங்கவில்லை.

1945-ல் மான்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் செல்யேக்குத் தனி ஆய்வுநிலையமே அமைந்தது. 1948-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் பிலிப் ஹென்ச், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்கு அட்ரினல் ஸ்டீராய்டான கார்டிசோனைக் கொடுக்க, சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950-ல் அந்த வேலைக்கு நோபல் பரிசு. அட்ரினலின் புறப்பகுதி திடீரென்று மருத்துவ உலகின் நடுவில் வந்து நின்றது. செல்யே அதே 1950-ல் தன் பெருநூலை வெளியிட்டார். 1956-ல் பொதுமக்களுக்கான நூல். அவர் வாழ்நாளில் எழுதிய கட்டுரைகள் 1,500-க்கும் மேல், நூல்கள் 30-க்கும் மேல். ரத்தக்கொதிப்பு, மூட்டுவாதம், சிறுநீரக நோய், இதயநோய் எல்லாம் உடல் தன்னைச் சரிக்கட்டிக்கொள்ளும் முயற்சியில் தடுமாறுவதால் வருபவை என்று முழங்கினார்.

சான்று அவ்வளவு வலுவாக இல்லை. அவருடைய எலிகளுக்கு ரத்தக்கொதிப்பு வந்தது உண்மை. ஆனால் அதற்கு அவர் ஒரு சிறுநீரகத்தை எடுத்துவிட்டு, தண்ணீருக்குப் பதிலாக உப்புநீரைக் கொடுத்து, செயற்கை ஸ்டீராய்டை அளவுமீறி ஏற்றியிருந்தார். உயிருள்ள உடல், வாழ்க்கையின் நெருக்கடியில் அவ்வளவு ஸ்டீராய்டு சுரப்பதில்லை என்று சக ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். 1936-ன் செல்யே சோதனை சொன்னதைக் கேட்டார். 1950-களின் செல்யேயிடம் அந்தக் காது குறைந்துவிட்டதாகவே எனக்குப் படுகிறது.

அந்த ஆண்டுகளில்தான் புகையிலை வருகிறது. சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை பிரிட்டனில் ரிச்சர்ட் டாலும் பிராட்ஃபோர்ட் ஹில்லும் 1950-ல் வெளியிட்டிருந்தார்கள். புகையிலைக் கம்பெனிகளுக்கு வேறொரு காரணம் தேவைப்பட்டது. செல்யே 1958-ல் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனிக்கு ஆராய்ச்சி நிதி கேட்டு எழுதினார், அப்போது கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு புகையிலைத் தரப்பு வழக்கறிஞர்கள் அவரைத் தேடி வந்தார்கள். உறவு வளர்ந்தது. 1969-ல் அவர் கனடா நாடாளுமன்றக் குழுவின் முன் நின்று புகைபிடித்தலுக்கு எதிரான சட்டங்கள் வேண்டாம் என்று பேசினார். நெருக்கடியில் இருக்கும் மனிதனுக்குப் புகை ஓர் ஆறுதல் என்பது அவர் வாதம். புகையிலைத் தொழிலின் ஆராய்ச்சிக் கவுன்சில் ஆண்டுக்கு 50,000 டாலர் வீதம் 3 ஆண்டுகளுக்கு அவருக்கு நிதி ஒதுக்கியது. கனடாவின் சிகரெட் உற்பத்தியாளர்களும் அதே அளவு கொடுத்தார்கள். இதெல்லாம் அவர் இறந்த பின்னர்தான் வெளியே தெரிந்தது. அமெரிக்க நீதிமன்றங்களில் நடந்த வழக்குகளால் கம்பெனிகளின் உள் ஆவணங்கள் லட்சக்கணக்கான பக்கங்களாகப் பொதுவெளிக்கு வந்தன. மார்க் பெட்டிக்ரூ, கெல்லி லீ என்ற இரு ஆய்வாளர்கள் அவற்றைத் துழாவி 2011-ல் இந்தத் தொடர்பை விரிவாக எழுதினார்கள்.

பணத்துக்கு விலைபோனார் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. அவருடைய கோட்பாட்டிலேயே அந்தக் கதவு திறந்திருந்தது. எல்லா நோய்க்கும் பின்னால் பொதுவான அழுத்தம் ஒன்று இருக்கிறது என்று நிறுவிவிட்டால், இதயநோயைக் கண்ட இடத்தில் சிகரெட்டைக் குறிப்பாகக் குற்றம்சாட்ட வேண்டியதில்லை. 'அவர் டென்ஷன் பேர்வழி, அதனால் நோய் வந்தது. டென்ஷனால்தான் புகையும் பிடித்தார்' என்று சொல்லிவிடலாம். கம்பெனிகள் சொன்னதும் அதைத்தான். எதையும் விளக்கிவிடும் காரணம் ஒன்று கையில் இருந்தால், நிஜமான காரணம் தப்பித்துப்போக வழி கிடைக்கிறது. மக்கள் இறந்துகொண்டிருந்த ஒரு விஷயத்தில் அப்படி ஒரு வழி திறக்கப்பட்டதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இனி அவருடைய மூன்று மாற்றங்கள் என்னவாயின என்று பார்ப்போம்.

சுருங்கிய தைமஸின் பொருள் 1936-ல் யாருக்கும் தெரியாது. தைமஸ் எதற்கு இருக்கிறது என்பதே புதிர். 1961-ல் லண்டனில் ஜாக் மில்லர், பிறந்த உடனே தைமஸ் நீக்கப்பட்ட சுண்டெலிகள் தொற்றை எதிர்க்க முடியாமல் மெலிந்து இறப்பதைக் காட்டிய பிறகுதான் அது நோயெதிர்ப்பு உயிரணுக்களின் பிறப்பிடம் என்று புரிந்தது. அப்படியென்றால் செல்யேயின் எலிகளில் சுருங்கியது நோயெதிர்ப்புப் படை. கார்டிசால் நீண்டநாள் உயர்ந்திருந்தால் அந்தப் படை தளர்கிறது. மாற்று உறுப்பு பொருத்தியவர்களுக்கு ஸ்டீராய்டு கொடுப்பதும் இதே காரணத்தால்தான். இது மனித வாழ்க்கையில் எப்படி வெளிப்படுகிறது என்பதற்கு ஒரே ஓர் ஆய்வைச் சொல்கிறேன். 1995-ல் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஜேனிஸ் கீகோல்ட்–கிளேசர் குழுவினர், மறதிநோய் வந்த உறவினரை வீட்டில் வைத்துப் பராமரிக்கும் 13 பெண்களின் முன்கையில் 3.5 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சிறு காயம் ஏற்படுத்தினார்கள். அதே வயதில், அப்படிப்பட்ட பாரம் இல்லாத 13 பெண்களுக்கும் அதே காயம். பராமரிக்கும் பெண்களின் காயம் ஆறச் சராசரியாக 9 நாட்கள் கூடுதலாகப் பிடித்தது. கட்டிலில் கிடக்கும் மாமியாரையோ கணவரையோ ஆண்டுக்கணக்கில் கவனித்துக்கொள்ளும் பெண்களை நாம் எல்லோரும் அறிவோம். அவர்களுடைய தோலுக்குக்கூட அந்தச் சுமை தெரிகிறது.

பெருத்த அட்ரினலின் கதை மூளைக்குள் போனது. பிட்யூட்டரி ஆணையிடுகிறது, சரி. பிட்யூட்டரிக்கு ஆணையிடுவது யார்? பிரிட்டனில் ஜெஃப்ரி ஹாரிஸ், மூளையின் ஹைப்போதலாமஸ் பகுதியிலிருந்து நுண்ணிய ரத்தக்குழாய்கள் வழியாக ஏதோ ஒரு வேதிப்பொருள் இறங்கிவந்து பிட்யூட்டரியை முடுக்குகிறது என்று வாதிட்டார். அதைத் தேடிப் புறப்பட்டவர்களில் ஒருவர் ரோஜர் கில்லெமின், செல்யேயின் சொற்பொழிவால் ஈர்க்கப்பட்டு பிரான்ஸிலிருந்து மான்ட்ரியலுக்கு வந்து அவரிடமே முனைவர் பட்டம் பெற்றவர். இன்னொருவர் ஆண்ட்ரூ ஷாலி, அதே நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். இருவரும் 1955-ல் அந்தப் பொருள் இருப்பதற்கான அறிகுறிகளைத் தனித்தனியே காட்டிவிட்டு, அதைப் பிரித்தெடுப்பதில் ஆண்டுக்கணக்காகப் போட்டியிட்டார்கள். வழியில் வேறு மூளை ஹார்மோன்களைக் கண்டுபிடித்து 1977-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். தேடிப் புறப்பட்டது மட்டும் கிடைக்கவில்லை. கில்லெமினின் மாணவர் வைலி வேல்தான் ஏறத்தாழ 5 லட்சம் ஆடுகளின் ஹைப்போதலாமஸ் துணுக்குகளிலிருந்து அதை 1981-ல் பிரித்தார். 41 அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி. சுருக்கமாக சி.ஆர்.எஃப். என்கிறார்கள்.

மூளைதான் தொடக்கம் என்று ஆனபின், மூளைக்கு என்ன தெரிகிறது, அது என்ன எதிர்பார்க்கிறது என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. வாஷிங்டனில் வால்டர் ரீட் ராணுவ ஆய்வுநிலையத்தில் ஜான் மேசன் அதைக் கேட்டார். பட்டினி ஓர் உடல் தாக்குதல். செல்யேயின் கணக்குப்படி பட்டினி கிடக்கும் குரங்குக்குக் கார்டிசால் உயர வேண்டும். உயர்ந்தது. ஆனால் அந்தக் குரங்குகளின் கண்ணெதிரே மற்றக் குரங்குகளுக்குத் தீனி போடப்பட்டுக்கொண்டிருந்தது. மேசன் அவற்றைத் தனியே வைத்து, வழக்கமான தீனி போலவே தோற்றமும் சுவையும் உள்ள, ஆனால் சத்தே இல்லாத உருண்டைகளைக் கொடுத்தார். வயிறு நிறைந்தது, உடல் பட்டினி கிடந்தது, கார்டிசால் ஏறவில்லை. அறையின் சூட்டைத் திடீரென்று ஏற்றாமல் மெல்ல மெல்லக் கூட்டியபோதும் ஏறவில்லை. சாகும் தறுவாயில் இருந்த நோயாளிகளைப் பற்றிய ஒரு பிரிட்டிஷ் ஆய்வையும் மேசன் எடுத்துக்காட்டினார்: நினைவோடு இறந்தவர்களின் அட்ரினலில் மாற்றம் இருந்தது, நினைவிழந்த நிலையிலேயே இறந்தவர்களிடம் இல்லை.

இதன் பொருளை எண்ணிப் பாருங்கள். செல்யேயின் எலிகள் குளிருக்கும் கத்திக்கும் ஓட்டத்துக்கும் பொதுவாகக் காட்டிய பதில், அந்தத் தாக்குதல்களுக்கான பதிலாக இல்லாமல் அவை எல்லாவற்றிலும் கலந்திருந்த ஒன்றுக்கான பதிலாக இருந்திருக்கலாம்: அச்சம். பிடித்து, ஊசி குத்தி, முன்பின் அறியாத இடத்தில் விட்டால் எந்த எலியும் மிரளும். கேனனின் அந்த 5 மாற்று ஆட்டக்காரர்கள் இங்கே திரும்பி வந்துவிட்டார்கள். கலிஃபோர்னியாவில் ரிச்சர்ட் லாசரஸ் 1960-களில் மனிதர்களிடம் இதே முடிவுக்கு வந்திருந்தார். பார்க்கவே நடுங்கும் ஒரு சடங்கின் படத்தைப் போட்டுக்காட்டி, பின்னணிக் குரலை மட்டும் மாற்றினார். வலியை அழுத்திச் சொன்ன குரலோடு பார்த்தவர்களுக்கு வியர்த்தது. வலியே இல்லை என்றோ, எட்ட நின்று ஆராயும் தொனியிலோ பேசிய குரலோடு பார்த்தவர்கள் அந்த அளவுக்குக் கலங்கவில்லை. படம் ஒன்றுதான்.

மூன்றாவது மாற்றமான இரைப்பைப் புண்ணில்தான் ஆகப்பெரிய திருப்பம். 1958-ல் வால்டர் ரீட் நிலையத்தின் ஜோசஃப் பிரேடி, இணை இணையாகக் குரங்குகளை நாற்காலியில் கட்டி, ஒன்றின் கையில் மட்டும் ஒரு விசையைக் கொடுத்தார். அது விசையை அழுத்திக்கொண்டே இருந்தால் இரண்டுக்கும் மின்னதிர்ச்சி வராது. விசை வைத்திருந்த குரங்குகளுக்குப் புண் வந்தது, செத்துப்போயின, மற்றவற்றுக்கு ஒன்றுமில்லை. முடிவெடுக்கும் பொறுப்பு ஆளைக் கொல்கிறது என்று பத்திரிகைகள் எழுதின. மேலதிகாரிகளின் நோய் என்ற நம்பிக்கை அலுவலகங்களில் வேரூன்றியது. ஆனால் பிரேடி முன்சோதனையில் வேகமாக விசையை அழுத்திய குரங்குகளையே பொறுப்புக்குப் பொறுக்கியிருந்தார். இயல்பிலேயே பதற்றம் கூடிய குரங்குகள் அந்தப் பக்கம் சேர்ந்துவிட்டன.

நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜே வைஸ் இதை எலிகளில் ஒழுங்காகச் செய்தார். மூன்று மூன்றாக எலிகள். எந்த எலிக்கு எந்த இடம் என்பது குருட்டுத்தேர்வு. முதல் எலி ஒரு சக்கரத்தைச் சுழற்றினால் மின்னதிர்ச்சி நிற்கும். இரண்டாவது எலியின் வாலும் அதே மின்சுற்றில் கட்டப்பட்டது. ஆகவே அதே அதிர்ச்சி, அதே நேரம், அதே அளவு. அதன் முன்னாலும் சக்கரம் உண்டு, சுழற்றினால் பயனில்லை. மூன்றாவதுக்கு அதிர்ச்சியே இல்லை. ஒரே அளவு அடிவாங்கிய முதல் இரண்டில், சக்கரம் வேலைசெய்த எலியைவிட வேலைசெய்யாத எலிக்குப் புண்கள் பலமடங்கு. அதிர்ச்சிக்கு முன் ஓர் ஒலியை எழுப்பி எச்சரித்தால், எச்சரிக்கப்பட்ட எலிக்குப் புண் வெகுவாகக் குறைந்தது. அடியின் அளவு ஒன்றாக இருந்தும் முடிவு வேறாக இருந்ததற்குக் காரணம், தன் கையில் ஏதாவது இருக்கிறதா, அடுத்தது எப்போது என்று தெரிகிறதா என்ற இரண்டும்தான். இந்தத் தொடரில் இதுவரை வந்த சோதனைகளில் என்னை ஆழமாகத் தொட்டது இதுவே.

இதைப் படித்துவிட்டு நம் ஊரில் அல்சர் என்றாலே டென்ஷன் என்று சொல்வது சரிதான் என்ற முடிவுக்கு வரவேண்டாம். மனிதரின் இரைப்பை, முன்சிறுகுடல் புண்களுக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா என்று ஆஸ்திரேலியாவின் பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1980-களில் காட்டினார்கள். 2005-ல் நோபல் பெற்றார்கள். வலி நிவாரணி மாத்திரைகளும் இன்னொரு முக்கியக் காரணம். கிருமி இருக்கும் எல்லோருக்கும் புண் வருவதில்லை என்பதால் அழுத்தத்தின் பங்கு முற்றிலும் கைவிடப்படவில்லை. ஆனாலும் முதலில் செய்ய வேண்டியது கிருமிச் சோதனை. இருந்தால் ஆன்டிபயாடிக் சிகிச்சை. நிம்மதியாக இருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பப்பட்ட எத்தனையோ பேர் பத்து, இருபது ஆண்டுகள் வலியோடு வாழ்ந்தார்கள்.

1975-ல் மேசன் தன் விமர்சனங்களைத் தொகுத்து எழுத, செல்யே அதே ஆய்விதழில் பதில் எழுதினார். இளையவரின் கட்டுரையில் மரியாதை குறையவில்லை, கேள்வியும் மழுங்கவில்லை. செல்யே அசைந்துகொடுக்கவில்லை. வலியோ மகிழ்ச்சியோ, எந்தத் தேவைக்கும் உடல் தரும் பொதுவான பதிலே அழுத்தம் என்ற தன் வரையறையைக் கடைசிவரை விடவில்லை. நன்மை தரும் அழுத்தம், தீமை தரும் அழுத்தம் என்று ஒரு பிரிவை மட்டும் சேர்த்துக்கொண்டார். நோபல் பரிசுக்குப் பலமுறை பரிந்துரைக்கப்பட்டும் கிடைக்கவில்லை. 1982 அக்டோபர் 16 அன்று மான்ட்ரியலில் இறந்தார். தன் எலிகளின் அட்ரினலைப் பெருக்கவைத்த அந்த மூளை ஹார்மோன் கையில் சிக்கியதை, இறப்பதற்கு முந்தைய ஆண்டு அவர் பார்த்துவிட்டார்.

வைஸின் எலிகள் எழுப்பிய கேள்வி ஆய்வகத்தோடு நிற்கவில்லை. சக்கரம் வேலைசெய்யாத எலி மனிதச் சமூகத்தில் யார்? பிரேடியின் குரங்குகளை நம்பியவர்கள் மேலதிகாரி என்பார்கள். லண்டனில் வைட்ஹால் பகுதியின் அரசு அலுவலகங்களில் 1967-ல் தொடங்கி ஏறத்தாழ 18,000 ஆண் ஊழியர்களைப் பின்தொடர்ந்த மருத்துவர்கள் வேறு விடையைக் கண்டார்கள். இதயநோயால் அதிகம் இறந்தவர்கள் கோப்பில் கையெழுத்திட்டவர்கள் அல்ல. அதைத் தூக்கிச் சென்ற கடைநிலை ஊழியர்கள். புகை, கொழுப்பு, ரத்தக்கொதிப்பு எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பின்னும் அந்த இடைவெளியின் பெரும்பகுதி அப்படியே நின்றது. மைக்கேல் மார்மட்டும் அவருடைய கூட்டாளிகளும் அதை எப்படித் துலக்கினார்கள் என்பதை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)